வேலூர் வெயிலும் புது பேட்டரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியாத்தத்துக்காரி. காட்பாடிப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் சோடியம் பேட்டரிக்கான பொருட்களில் ஆராய்ச்சி செய்கிறேன், ஐந்தாவது வருடம் ஓடுகிறது. கல்யாண வீடு, டவுன் பஸ், ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டு என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்குப் பதிலாக, ஒரு தடவை உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

மெட்டீரியல் சயின்ஸ் என்றால் என்ன? எரிசக்திக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பென்சில் முனையும் கார்பன்தான், இஸ்திரிப் பெட்டியில் போடும் கரியும் கார்பன்தான். ஆனால் ஒன்று வழவழவென்று காகிதத்தில் இழைகிறது, இன்னொன்று மொரமொரவென்று உடைகிறது. உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் வேறு, அவ்வளவுதான். அந்த அடுக்கு எப்படி இருக்கிறது, அதை நாம் எப்படி மாற்றலாம், மாற்றினால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

எரிசக்தியில் இது ஏன் முக்கியம் என்றால், சூரிய ஒளி நிறைய இருக்கிறது, காற்றும் இருக்கிறது. அதைப் பிடிக்கவும், ராத்திரிக்குச் சேர்த்துவைக்கவும், பத்துப் பதினைந்து வருடம் பழுதில்லாமல் ஓடவும் தகுந்த பொருள் வேண்டும், தடை பெரும்பாலும் அங்கேதான். 1954ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த முதல் சிலிக்கன் சோலார் செல் தன்மேல் விழுந்த ஒளியில் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் பேனல்கள் 20 சதவீதத்துக்கு மேல் தருகின்றன. இந்த வித்தியாசம் பெரும்பாலும் பொருளைச் சுத்தப்படுத்தி, மேற்பரப்பைச் சரிசெய்து சம்பாதித்தது.

நம்ம ஊர் வெயிலுக்கு சோலார் அமோகமாக இருக்குமே?

வெளிச்சத்துக்கு ஆமாம். சூட்டுக்கு இல்லை. இந்த இரண்டையும் எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. அக்னி நட்சத்திரத்தில் நம் மொட்டை மாடியில் காற்றே 41, 42 டிகிரி, கறுப்பு செல் 65 டிகிரிக்குப் போய்விடும். சாதாரண சிலிக்கன் பேனல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் சக்தியை இழக்கும். 40 டிகிரி கூடினால் 12 முதல் 16 சதவீதம் காலி. சூடு ஏற ஏற செல்லின் வோல்டேஜ் இறங்குவதுதான் காரணம். அதனால் மே மாத உச்சி வெயிலைவிட, பிப்ரவரியில் வானம் துடைத்துவிட்டது போலிருக்கும் ஒரு நாளின் மத்தியானம் நன்றாகக் கொடுத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பேனல் வாங்கும்போது கூடவே தரும் தாளில் வெப்பநிலைக் குணகம் என்று ஒரு எண் இருக்கும், ஒரு டிகிரி கூடினால் எத்தனை சதவீதம் சக்தி போகும் என்ற கணக்கு அது, அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு விதச் சிலிக்கனை அடுக்கிச் செய்யும் ஹெட்டரோஜங்ஷன் வகைகளில் அது 0.25 பக்கம் இருக்கிறது, நம் ஊருக்கு அது பெரிய விஷயம். அப்புறம் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் போடவே கூடாது, அடியில் காற்று போய்வர இடம் விட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பொருத்த வருகிறவரிடம் நின்று பார்த்து வாங்குங்கள்.

மின் வண்டி ஏன் தீப்பிடிக்கிறது?

2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின் வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் சாதாரணமாகக் கேட்டதில்லை, நானும் சாதாரணமாகப் பதில் சொன்னதில்லை.

எங்கள் ஊர் தீப்பெட்டியை வைத்துச் சொல்கிறேன். குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலை தெரியாத தெரு குறைவு. குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், ஆக்சிஜனைக் கொடுக்கும் பொருள். பெட்டியின் பக்கவாட்டில் தேய்க்கும் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்திருப்பதால்தான் அது பாதுகாப்பு தீப்பெட்டி. உரசினால் மட்டும் இரண்டும் சேர்ந்து பற்றும்.

லித்தியம் பேட்டரிக்குள்ளும் அப்படித்தான், ஆனால் எல்லாம் செல் என்ற ஒரே டப்பாவுக்குள். நேர்மின் பக்கம் இருக்கும் நிக்கல், கோபால்ட் ஆக்சைடில் ஆக்சிஜன் இருக்கிறது. நடுவில் ஊற்றியிருக்கும் திரவம் எரியக்கூடிய கரிமக் கரைப்பான். இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பிரிப்பது ஒரு தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள். செல்லுக்குள் ஏதோ ஒரு காரணத்தால், உற்பத்திக் குறையோ, அடிபட்டதோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறியதோ, சூடு 90, 100 டிகிரியைத் தொட்டால் எதிர்மின் பக்கத்தின் மேல் படர்ந்திருக்கும் காப்புப் படலம் சிதையத் தொடங்கும், அதுவே மேலும் சூட்டைக் கிளப்பும். 130 டிகிரி வாக்கில் பிளாஸ்டிக் தாள் உருகும். 200ஐத் தாண்டினால் ஆக்சைடு தன் ஆக்சிஜனை உள்ளேயே விட்டுவிடும். அதன் பிறகு வெளிக்காற்றை மறித்து அணைக்கப் பார்த்து என்ன பயன், எரிவதற்கான ஆக்சிஜன் உள்ளேயே இருக்கிறதே. தண்ணீரை விடாமல் ஊற்றிச் சூட்டை இறக்குவதுதான் வழி.

அப்போ எந்த பேட்டரி உள்ள வண்டி வாங்கலாம்?

எங்கள் அண்ணனுக்கு என்ன சொன்னேனோ அதையே சொல்கிறேன்: நம் ஊருக்கு எல்.எஃப்.பி. அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, சூடு ஏறினாலும் எளிதில் கழன்று வராது. தீப்பெட்டியில் பற்றவைக்கும் அதே பாஸ்பரஸ் இங்கே ஆக்சிஜனைக் கட்டிப்போட்டு வைக்கிறது, இதை முதலில் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. இந்தப் பொருளை 1997ல் வெளியிட்டது அமெரிக்காவில் ஜான் குட்எனஃப் குழு.

எடைக்கு எடை இதில் நிக்கல் வகையைவிடக் குறைவான சக்திதான் நிற்கும், ஆகவே அதே தூரம் ஓட பேட்டரி கனமாக இருக்கும். வேலூரிலிருந்து ஆற்காடு போய்வரும் வண்டிக்கு அது ஒரு குறையே இல்லை. ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும். எல்.எஃப்.பி. எரியவே எரியாது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், அதிலும் திரவம் எரியக்கூடியதுதான், ரொம்பச் சூடானால் எரியும் வாயு வரும். ஆபத்து குறைவு, அவ்வளவே.

எந்த பேட்டரியானாலும் வெயிலில் ஓட்டிவந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள், அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். வாசற்படியை மறித்தோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து சார்ஜ் போடவே கூடாது, ஏதாவது ஆனால் வெளியே வரும் வழியே அதுதான். கம்பெனி சார்ஜரைத் தவிர வேறெதையும் சொருக வேண்டாம். மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் அது எப்போது செய்த வண்டி என்று கட்டாயம் பாருங்கள்.

சூடு பேட்டரி ஆயுளைக் குறைக்குமா?

குறைக்கும், நன்றாகவே குறைக்கும். தோராயக் கணக்கு ஒன்று உண்டு: 10 டிகிரி கூடினால் வேண்டாத வேதிவினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். பேட்டரித் திரவத்தில் கரைந்திருக்கும் லித்தியம் உப்பு சூட்டில் மெல்லச் சிதையும், ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமாகி உள்ளேயே அரிக்கும்.

என் மனசில் ரொம்ப நாளாக இருக்கும் விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலான முடிவுகள் 25 டிகிரியில் எடுத்தவை. ஏசி அறையில், சீரான சூட்டில். அந்த 25 டிகிரி நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தாது. காட்பாடி ஸ்டேஷனுக்கு வெளியே மத்தியானம் நிற்கும் ஆட்டோவின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரிக்கு அந்த எண் எதையும் சொல்லாது. அதனால் நாங்கள் செய்யும் ஒவ்வொரு வகைச் செல்லிலும் ஒரு ஜோடியை 45 டிகிரி அடுப்பில் வைத்தும் ஓட்டுகிறோம். 25ல் அழகாக ஓடிய ஒரு பொருள் 45ல் நூறு சார்ஜ் சுற்றுக்குள் படுத்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பொருளுக்காக ஒன்றரை வருடம் கொடுத்திருந்தேன். வெயில் ஊரில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவில்லை என்றால் வேறு யார் நமக்காகச் செய்வார்கள்?

லித்தியம் இருக்கும்போது சோடியம் எதற்கு?

லித்தியம் பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்கு ஏறக்குறைய 20 கிராம்தான். சோடியம் அதே ஒரு டன்னில் 20 கிலோவுக்கு மேல். 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருக்கலாம் என்று அறிவித்தார்கள், ஆனால் அது ஆரம்பக்கட்ட மதிப்பீடு. சோடியத்துக்கு ரியாசி வரை போக வேண்டாம், தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்திகட்டி எடுக்கிறோமே, அந்த உப்பிலிருந்து சோடா சாம்பல் செய்து, அதிலிருந்து பேட்டரிப் பொருளுக்குப் போகலாம். இன்னொரு லாபம், லித்தியம் பேட்டரியில் ஒரு பக்கம் செம்புத் தகடு வேண்டும், சோடியத்தில் இரண்டு பக்கமும் அலுமினியமே போதும்.

கஷ்டமும் உண்டு. சார்ஜ் ஏறி இறங்கும்போது பொருளுக்குள் போய்வருவது அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணு. சோடியம் அயனி லித்தியத்தைவிடப் பெரியது, மூன்று மடங்குக்கு மேல் கனம். ஒவ்வொரு முறை உள்ளே போய் வெளியே வரும்போதும் பொருளின் அடுக்கைத் தள்ளி விரிக்கும், நாளாவட்டத்தில் விரிசல் விடும். சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் 2021ல் அறிவித்த முதல் சோடியம் செல் கிலோவுக்கு 160 வாட் மணி சக்தியைச் சேமிக்கும். நல்ல நிக்கல் வகை லித்தியம் செல் 250 தரும். இன்னொன்றும் நடந்தது: 2022ல் உச்சத்துக்குப் போன லித்தியம் விலை அடுத்த இரண்டு வருடத்தில் மளமளவென்று சரிந்தது, அதோடு சோடியத்தின் விலை லாபமும் சுருங்கிப்போனது. இருந்தாலும் வீட்டு இன்வெர்ட்டர், சோலார் மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய பெட்டிகள், மெதுவாகப் போகும் ஆட்டோக்கள் என்று எடை பெரிதாகத் தெரியாத இடங்களில் சோடியம் வரும் என்று நான் நம்புகிறேன், என் ஐந்து வருடம் அதில்தான் இருக்கிறது.

தேங்காய் ஓட்டில் பேட்டரி செய்கிறீர்களாமே, நிஜமா?

பேட்டரியின் ஒரு பக்கத்தை, ஆமாம். லித்தியம் பேட்டரியில் எதிர்மின் பக்கம் பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட். அதன் அடுக்குகளுக்கு நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி. அங்கே சோடியம் சரியாகக் குடியேறாது. கடின கார்பன் என்று ஒன்று இருக்கிறது, அதில் அடுக்குகள் தாறுமாறாக, இடைவெளி 0.37க்கு மேல், நடுவில் குட்டிக் குட்டிப் பொந்துகள். அங்கே சோடியம் போய் உட்காரும் என்று கனடாவில் ஸ்டீவன்ஸ், டான் இருவரும் 2000ல் காட்டினார்கள். அந்தக் கார்பனைத் தேங்காய் ஓட்டிலிருந்து செய்யலாம்.

செய்முறை இது. ஓட்டைக் கழுவி நாரைச் சுரண்டி உடைத்து, முதலில் 500 டிகிரியில் காற்றில்லாமல் கரியாக்குவோம். நாலு கிலோ போட்டால் ஒரு கிலோ சொச்சம்தான் மிஞ்சும். அதை அரைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், ஓட்டில் பொட்டாசியம் நிறைய இருப்பதால். பிறகு எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவில் 1300 டிகிரியில் சுடுவோம். வெளியே எடுக்கும்போது வெறும் கரிக் கறுப்பாக இருக்காது, லேசாகச் சாம்பல் பூத்த, வெளிச்சத்தில் திருப்பினால் மினுக்கும் ஒரு கறுப்பு. விரலால் தொட்டால் நெறநெறக்கும், நகக்கண்ணில் புகுந்தால் இரண்டு நாளைக்குப் போகாது. பேரணாம்பட்டுப் பக்கத் தோப்பிலிருந்து எங்கள் பெரியம்மா ஒரு கோணி ஓடு அனுப்பினார், "இதுல கரண்டு வருதா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே. கரண்டு அதிலிருந்து வராது பெரியம்மா, கரண்டு வந்து தங்கிப்போகிற வீடு அது.

லேபில் நாள் முழுக்க என்னதான் செய்கிறீர்கள்?

மாவு கரைக்கிறோம். பொருளை அரைத்து, பசையோடும் கரைப்பானோடும் கலந்து, அலுமினியத் தகட்டில் ஒரே கனத்தில் இழுத்துப் பூச வேண்டும். தோசை வார்த்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்: மாவு நீர்த்தால் ஓடும், கெட்டியானால் திட்டுத்திட்டாக நிற்கும், காய்ந்த பிறகு ஓரம் தூக்கினால் அந்தத் தகடு வீண். பிறகு சின்ன வட்டமாக வெட்டி, ராத்திரி முழுக்க வெற்றிட அடுப்பில் உலர்த்தி, ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோவோம். தடிமனான ரப்பர் கையுறைக்குள் கைவிட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக அடுக்கி, நாலைந்து சொட்டுத் திரவம் விட்டு மூடி அழுத்தினால், வாட்ச் பேட்டரி அளவில் 20 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு செல். மே மாதத்தில் அந்தக் கையுறைக்குள் வியர்வை முழங்கை வரை ஓடும்.

அப்புறம் காத்திருப்பு. ஒரு செல்லை மெதுவாக ஏற்றி இறக்க ஒரு நாள் ஆகும், நூறு சுற்றுக்கு மூன்று மாதத்துக்கு மேல். எண்பதாவது சுற்றில் கரண்டு போய் யு.பி.எஸ்ஸும் கைவிட்டால் அந்த வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும், கட்டுரைக்கு ஆகாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"ஐந்தே நிமிடத்தில் சார்ஜ்" என்று செய்தி வந்ததே, கடைக்கு ஏன் வரவில்லை?

ஒரு கணக்கு போடுவோம். ஒவ்வொரு சார்ஜிலும் போட்டதில் 99.9 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்றால் பிரமாதம் என்று தோன்றும். ஆயிரம் முறை அப்படியே குறைந்துகொண்டே போனால் மிஞ்சுவது 37 சதவீதம்தான். 99.99 என்றால் 90 மிஞ்சும். கடைசி இலக்கத்தில் இருக்கும் அந்த ஒரு 9க்காகத்தான் வருடங்கள் போகின்றன. ஆய்வகச் செல்லில் மெல்லிசாகப் பூசிய பொருள், தாராளமாக ஊற்றிய திரவம். வண்டியில் போகும் செல்லில் பூச்சு பல மடங்கு தடிமன், திரவம் சொட்டு சொட்டாக அளந்தது. அங்கே போனதும் கதை மாறிவிடும். நேர்மின் பக்கத்துக்கு லித்தியம் கோபால்ட் ஆக்சைடு ஆகும் என்று 1980ல் தெரிந்தது, சோனி அதை வைத்துச் செய்த பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991. செய்தி பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எத்தனை டிகிரியில், எத்தனை சுற்று, எந்த அளவு செல் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரோவ்ஸ்கைட் சோலார் என்கிறார்களே, அது நல்லதா?

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு குறிப்பிட்ட படிக அமைப்பு கொண்ட பொருள், மெல்லிய படலமாகப் பூசி சோலார் செல் செய்யலாம். 2009ல் ஜப்பானில் மியாசகா குழு ஒளியில் 3.8 சதவீதத்தை மின்சாரமாக்கி ஆரம்பித்தது, இப்போது 26ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கன் மேல் இதை ஒரு படலமாகப் போட்டால் 34க்கு மேல். வேறு எந்தச் சோலார் பொருளும் இவ்வளவு வேகமாக வளர்ந்ததில்லை. ஈரத்தையும் சூட்டையும் தாங்காததுதான் முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல் அதில் இருக்கும் ஈயம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம்கூட வராது, ஆனால் பேனல் உடைந்தால் மழையில் கரைந்து வெளியேறும் வடிவத்தில் இருக்கிறது. கொஞ்சம்தானே என்று நம் பக்கத்துக்காரர்கள் சொல்லக் கூடாது. ராணிப்பேட்டை சிப்காட்டில் பல வருடங்களுக்கு முன்பே மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் அங்கேயே குவிந்து கிடந்தது, மழைக்காலத்தில் மஞ்சள் நீராக ஊறி நிலத்தடி நீருக்குப் போனது. தோல் பதனிட உதவும் குரோமியமும் அந்த மஞ்சள் விஷமும் ஒரே தனிமம், மூன்று எலக்ட்ரான் இழந்ததும் ஆறு இழந்ததும்தான் வித்தியாசம். அதனால் ஒரு புதுப் பொருள் வரும்போது, உடைந்தபின் இது எங்கே போகும் என்று முதல் நாளே கேட்க வேண்டும். ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போட்டுப் பார்க்கிறார்கள், அது காற்று பட்டதும் கெட்டுப்போகிறது. ஈயத்தைப் பிடித்துவைக்கும் பூச்சுகளும் ஆராய்ச்சியில் இருக்கின்றன.

எரிபொருளாக ஹைட்ரஜன் எப்படி?

உரத்துக்கும் எஃகுக்கும் வேண்டும், ஸ்கூட்டருக்கு வேண்டாம். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து (இதுதான் மின்பகுப்பு) ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், வேதிக்கணக்குப்படி 9 லிட்டர் தண்ணீர், நடைமுறையில் இன்னும் அதிகம். அந்தக் கிலோவில் இருப்பது 33 யூனிட்தான். பாலாற்றில் தண்ணீருக்குப் பதில் மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தத் தண்ணீர் கணக்கைத் தாண்டிப் போக மாட்டார்கள். பொருள் பக்கம் பார்த்தால், ஒருவகை மின்பகுப்புக் கருவிக்கு இரிடியம் என்ற அரிய உலோகம் வேண்டும், உலகம் முழுக்க வருடத்துக்குச் சில டன்தான் தோண்டி எடுக்கிறார்கள். அதை நிக்கல், இரும்பு போன்றவற்றால் மாற்றுவது பெரிய ஆராய்ச்சி.

என் பிள்ளை இதைப் படிக்க என்ன செய்ய வேண்டும்?

இயற்பியலோ வேதியியலோ பி.எஸ்சி., எம்.எஸ்சி. போதும், பி.டெக். மெட்டீரியல்ஸ் படித்தாலும் சரி. எம்.எஸ்சி. முடிக்கும்போது நெட் அல்லது கேட் தேர்வு எழுதட்டும். நெட்டில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1948ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது, பேட்டரி என்றால் நம் மாநிலத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

எங்கே படித்தோம் என்று கவலைப்படும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஆறுமுகம் மந்திரம் அவர்களைப் பற்றி. அமரபுரம் என்ற தென்மாவட்டக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, குட்எனஃபுடன் சேர்ந்து வேலைசெய்தவர். 2019ல் லித்தியம் பேட்டரிக்காக மூன்று பேருக்கு நோபல் கிடைத்தபோது, 97 வயதான குட்எனஃபுக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் இவர்தான்.

பழைய பேட்டரியை உங்கள் லேபுக்குக் கொண்டுவந்து தரலாமா?

வேண்டாம், எங்களிடம் பிரித்தெடுக்கும் வசதி இல்லை. 2022ன் பேட்டரிக் கழிவு விதிப்படி பழையதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரித்த நிறுவனத்துக்கு இருக்கிறது, வாங்கிய டீலரிடம் கேளுங்கள், கேட்டதற்கு ரசீதும் வாங்குங்கள். ஈய பேட்டரியை வீட்டுப் பக்கத்தில் உருக்கி எடுக்கிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள், அந்தப் புகை முதலில் போவது அந்தத் தெருக் குழந்தைகளின் ரத்தத்துக்கு. செல்போன் பேட்டரி உப்பியிருந்தால் அமுக்கவோ குத்தவோ வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். போனோடு ஒரு தகர வாளியில் காய்ந்த மணலுக்குள் புதைத்து, வாளியை வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, மறுநாளே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.